கறுப்புக் கட்டத்துக்கு அடியில் ஒரு ஊர்

என் மடிக்கணினிக்கு உயிர் கொடுத்துவிட்டு, என்னை அதனிடம் ஒப்படைத்துவிட்டு, மாப்பிள்ளையோடு கோயமுத்தூர் வண்டி ஏறிய மகளுக்கு,

போன மாதம் ஒரு வாரம் முழுக்க நீ கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. கோர்ட்டில் வேலை மலையாகக் குவிந்துவிட்டது, கோவில்பட்டியில் நீதி என்ற ஒன்று இன்னும் நின்றுகொண்டிருப்பதே என் தோளில்தான் என்று உன்னிடம் சொல்லச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவள் உன்னிடம் என்ன சொன்னாள் என்பது எனக்கும் கேட்டது. "உங்கப்பா நாற்காலியில உக்காந்து மேல ஃபேனைப் பாத்துக்கிட்டு இருக்காவ. ஃபேன் சுத்தல, கரண்டு இல்ல. அது கூட அவியளுக்குத் தெரியல." நீ சிரித்திருப்பாய். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. ஏன் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் நாலு வேடிக்கை பேசி, எல்லாவற்றையும் சிரிப்பாக்கி, கடைசியில் சொல்ல வந்ததைச் சொல்லாமல் வைத்துவிடுவேன். என்னை உனக்குத் தெரியும்.

இதை நம் வக்கீல் சங்கத்து மலரிலும் போடக் கொடுக்கப் போகிறேன். ஊரறியப் போடுகிற கடிதத்தை மகளுக்கு எழுதுவானேன் என்று கேட்பாய். வக்கீல்களைப் பார்த்து எழுத உட்கார்ந்தால் என் பேனா தானாகவே வாதாட ஆரம்பித்துவிடுகிறது. என் பக்கத்து நியாயத்தை எனக்கே தெரியாத இடத்திலிருந்தெல்லாம் தோண்டி எடுத்துவிடுகிறது. உன்னிடம் அந்த வித்தை பலிக்காது. இதில் சம்பந்தப்பட்ட என் கட்சிக்காரப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "ஊர் பேரு போடாம எழுதுங்க சார். நாலு வக்கீலாவது படிக்கட்டும்" என்றாள்.

கல்யாணம் முடிந்து மறுவீடு, விருந்து என்று நீ ஓடிக்கொண்டிருந்த நாட்களில், நடுவில் கிடைத்த ஒரு மத்தியானம் என் கணினியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாய். அதில் இருந்த மென்பொருள் எல்லாம் எந்தக் காலத்திலோ எவனோ ஒரு சிடியில் கொண்டுவந்து ஏற்றியது. "அப்பா, ஊருக்கெல்லாம் சட்டம் பேசுதீங்க. திருட்டுச் சரக்குல உக்காந்து மனு அடிக்கீங்க" என்றாய். மாப்பிள்ளை முன்னால் சொன்னாய். என் நாற்பது தலைமுறைப் பெருமையும் அந்த இடத்திலேயே பொசுங்கியது. பிறகு அதையெல்லாம் துடைத்துவிட்டு, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதி, இந்தா எடுத்துக்கொள் என்று பொதுவில் வைத்திருக்கிற கட்டற்ற மென்பொருள்களை ஏற்றினாய். மனு அடிக்க லிப்ரெஆபீஸ், தாள்களைக் கோக்கவும் பிரிக்கவும் ஒன்று, பிடிஎஃப் மேல் கோடு கிழிக்கக் கட்டம் போட ஒன்று, படமாகக் கிடக்கும் தாளை வாசித்து எழுத்தாக்க ஒன்று, கொழுத்த கோப்பைப் பட்டினி போட்டு இளைக்க வைக்க ஒன்று. காசு கேட்காத வேலைக்காரர்கள் இத்தனை பேர் எட்டயபுரம் அரண்மனையில்கூட இருந்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்கினாய். நான் நடுநடுவே கிண்டல் செய்துகொண்டே இருந்தேன். "மறைக்க வேண்டிய தாள் வந்தா அதுக்குத் தனியா ஒரு வழி இருக்குப்பா, இங்கன பாருங்க" என்று நீ ஆரம்பித்தபோது, "என்கிட்ட மறைக்க என்னட்டி இருக்கு, நான் திறந்த புத்தகம்லா" என்றேன். நீயும் சிரித்துவிட்டாய். உள்ளிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அதோடு அந்தப் பாடம் நின்றது.

நீ போன பிறகு நான் பட்டதை எழுதினால் கம்பராமாயணம் மெலிந்து தெரியும். அந்தக் காலத்தில் மனு என்றால் அடித்து, கையெழுத்து வாங்கி, குமாஸ்தா மாடசாமி நூல் கோத்துக் கட்டினால் முடிந்தது. இப்போது தாளை ஸ்கேனரில் வைத்தால் அது கோணலாக விழுகிறது. நேராக வைத்தால் ஃபேன் காற்று தூக்குகிறது. ஃபேனை நிறுத்தினால் நம் ஊர் வெயிலில் நான் ஆவியாகி வக்காலத்து மட்டும்தான் மிஞ்சும் போலிருக்கிறது. நீளத்தாளில் இருப்பதை ஏ4 ஆக்க வேண்டும், ஒவ்வொரு சான்றாவணத்துக்கும் புக்மார்க் வைக்க வேண்டும், பக்க எண் ஓட வேண்டும், கோப்பு கனத்தால் தளம் ஏற்றுக்கொள்ளாது, இளைக்க வைத்தால் முத்திரை அழிந்து நிலா மாதிரித் தெரியும். அத்தனையும் முடித்து அனுப்பினால், தேடக்கூடியதாக இல்லை என்று ஒற்றை வரியில் திரும்பி வரும். தேடக்கூடியது என்றால் என்ன என்று மாடசாமிக்கு விளக்கினேன். ஸ்கேன் செய்த தாள் வெறும் படம். அதைக் கணினி வாசித்து, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை அதன்மேல் ஒரு படலமாக விரிக்கிறது. அப்புறம் ஒரு பெயரைத் தேடல் பெட்டியில் போட்டால் தாளில் அந்த இடம் மஞ்சளாக மினுங்கும் என்றேன். மாடசாமி யோசித்துவிட்டு, "ஜட்ஜம்மாவுக்கு ஒரு பேரு வேணும்னா நம்மளக் கேட்டா சொல்லிட்டுப் போறோம். இதுக்கு எதுக்கு சார் இம்புட்டுக் கூத்து?" என்றான். மறுபடி முதல் தாளிலிருந்து வைக்கச் சொன்னேன். இந்த வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதில் அசதி உடம்பில் இல்லை, தாயி. நேற்றுவரை நன்றாகச் செய்துகொண்டிருந்த ஒன்றை இன்று காலையிலிருந்து மோசமாகச் செய்கிறவனாக உட்கார்ந்திருப்பதுதான் அசதி.

இந்த நிலைமையில்தான் செல்வி வந்தாள். செல்வி என்று வைத்துக்கொள். அது அவள் பெயரில்லை. தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சியைப் பெட்டியில் அடைக்கிற வேலை பார்த்தவள். புருஷன் அடித்து அடித்து ஒரு காது மந்தமாகிவிட்டது. பேசும்போது மற்றக் காதைத்தான் நம் பக்கம் திருப்புவாள். ஒரு நாள் விடிவதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, கரிசக்காட்டுக்குள் ஒரு ஊரில் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் போய் இருந்துகொண்டாள். அந்த ஊர் எது, பசுவந்தனைப் பக்கமா குளத்தூர்ப் பக்கமா என்று நீ கேட்கக் கூடாது, நானும் சொல்லப் போவதில்லை. புருஷன் அவளை எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தான். பாதுகாப்பும் பிள்ளைக்குச் செலவுக்குப் பணமும் கேட்டு மனுப் போட வேண்டும். மனுவில் முகவரிக்கு என் ஆபீசையே போட்டுவிட்டேன். ஆனால் பிள்ளையை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த சீட்டையும், அங்கே ஆஸ்பத்திரியில் காட்டிய சீட்டையும் சான்றாவணமாக வைத்தால்தான் பிள்ளை இவளிடம் வளர்கிறது என்று நிற்கும். இரண்டிலும் ஊர்ப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

"சார், நான் இருக்கிற இடம் மட்டும் அவனுக்குத் தெரியக் கூடாது. மத்தது எது தெரிஞ்சாலும் பரவால்ல" என்றாள் செல்வி.

"யமதர்மராஜன் பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு வந்தாலும் படிக்க முடியாதபடி செஞ்சுதாரேன். நீ போயிட்டு வா தாயி" என்றேன்.

ஊர்ப் பெயர்தானே என்று வெளியூர்க்காரன் நினைப்பான். நீ நினைக்க மாட்டாய். பன்னிரண்டாம் வகுப்பில் நீ யாரிடமும் சொல்லாமல் சிநேகிதியோடு தூத்துக்குடிக்குக் கடல் பார்க்கக் கிளம்பினாயே. பேருந்து எட்டயபுரம் தாண்டுவதற்குள் எனக்குச் செய்தி வந்துவிட்டது. கண்டக்டர் ஒருத்தன், டீக்கடைக்காரன் ஒருத்தன், ஆடு பத்திக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒருவர், மூன்று பேரும், "அண்ணாச்சி, உங்க மக பஸ்ஸில போறா, நீலத் தாவணி" என்று சொல்லிவிட்டார்கள். நீ திரும்பி வந்து இறங்கும்போது ஸ்டாண்டில் நின்று உனக்குப் பதநீர் வாங்கிக் கொடுத்தேன். இந்தச் சீமையில் என் கண்ணுக்குத் தப்பி ஒரு காக்கா பறக்க முடியாது என்று அதை வருஷக்கணக்கில் கதையாகச் சொல்லித் திரிந்தேன். நீ மட்டும் அந்தக் கதைக்கு ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. இங்கே ஒருத்தியைக் கண்டுபிடிக்கத் தெரு வேண்டாம், கதவு எண் வேண்டாம். ஊர் பெயர் போதும். பேருந்தை விட்டு இறங்கிக் கடையில், தீப்பெட்டி ஆபீஸ்காரப் பிள்ளை ஒண்ணு புதுசா வந்திருக்காமே என்று கேட்டால் வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். அவ்வளவு நல்லவர்கள்.

முன்பெல்லாம் ஒரு தாளில் எதையாவது மறைக்க வேண்டுமென்றால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாடசாமி கறுப்பு மையைத் தொட்டு அந்த இடத்தில் கனமாக இழுப்பான். மை காய்ந்ததும் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸைத்தான் கோர்ட்டில் கொடுப்போம். மை பூசிய தாளை வெயிலில் பிடித்தால் எழுத்து தெரிந்துவிடும். ஜெராக்ஸில் தெரியாது. இது இந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் சொல்லித்தர வேண்டாத விஷயம். கணினியில் மை பூசுவதற்கு நீ வைத்துவிட்டுப் போன கட்டம் போடும் நிரல் இருந்தது. சீட்டுகளை ஸ்கேன் செய்து, எழுத்துப் படலம் விரித்து, ஊர் பெயர் வந்த இடமெல்லாம் கறுப்புக் கட்டம் வரைந்தேன். அமாவாசை தோற்றது. மாடசாமி பின்னால் நின்று பார்த்தான். "நம்ம மைய விட இது கறுப்பு சார். நம்மது கொஞ்சம் ஊதா அடிக்கும்" என்றான். இருவருக்கும் பரம திருப்தி. தேடல் சரியாக வேலை செய்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றும் எனக்குத் தோன்றியது. எதைத் தேடினேன் என்கிறாய்? என் பெயரை. பக்கத்துக்குப் பக்கம் நான் மஞ்சளாக மினுங்கினேன். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. மின்கையெழுத்துக்கான யூஎஸ்பி டோக்கனைச் சொருகிப் பதிவேற்றிவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. செல்வி புருஷன் முன்னதாகவே பிடித்து வைத்திருந்த எதிர்த்தரப்பு வக்கீல் உன் வயதுப் பையன். சங்கத்து அறையில் டீ குடிக்கும்போது, "அண்ணாச்சி, உங்களுக்கு பிடிஎஃப் போட ஆளு வேணும்னா சொல்லுங்க, எங்க ஜூனியர அனுப்புதேன்" என்று நாலு பேர் முன்னால் சொன்னவன். மரியாதையாகத்தான் சொன்னான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மனு ஆய்வுக்குப் போய், எண் விழுந்து, நோட்டீஸ் ஆகிற வரைக்கும் நகல் கொடுக்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. ஆனாலும் புக்மார்க்கும் பக்க எண்ணும் மின்னுகிற அந்தக் கோப்பை அவன் கண்ணில் காட்டாமல் எனக்குத் தூக்கம் வராது போலிருந்தது. மின்னஞ்சலில் ஒரு நகலை அன்றைக்கே தட்டிவிட்டேன். அதை அனுப்பியபோது நான் நாற்காலியில் சாய்ந்த சாய்வைப் பார்த்திருந்தால் ஏதோ சாம்ராஜ்யத்தைப் பிடித்துவிட்டான் என்று நினைத்திருப்பாய்.

மறுநாள் சாயங்காலம் டீ வந்தது. மாடசாமி முறுக்கைக் கடித்துக்கொண்டே, "சார், அந்த மஞ்ச வெளிச்சம் வருமே, அதுல நம்ம மறைச்ச ஊர் பேரைப் போடுங்க. வராதுல்லா, பாப்போம்" என்றான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். நானும் ஒரு மந்திரவாதி தோரணையில் விரலைச் சொடுக்கிவிட்டு ஊர் பெயரை அடித்தேன். பள்ளிக்கூடச் சீட்டு வந்து நின்றது. கறுப்புக் கட்டத்தின் மேலேயே மஞ்சள் விழுந்து மினுங்கியது. அடுத்ததை அழுத்தினேன். ஆஸ்பத்திரிச் சீட்டு. அங்கும் மினுங்கியது. கட்டத்தைச் சுட்டியால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். சட்டியை மூடிய தட்டு மாதிரி அது பக்கத்தில் நகர்ந்துகொண்டது. அடியில் ஊர் பெயர் அப்படியே, முத்திரையோடு இருந்தது. மை பூசியிருந்தேன். ஜெராக்ஸ் எடுக்கவில்லை.

மாடசாமி முறுக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். "ரெம்ப அழகா இருந்துச்சு அண்ணாச்சி, உங்க ஃபைலு. நேத்தே பாத்தேன்" என்றான். அந்தப் பாராட்டுக்காகத்தான் அனுப்பியிருந்தேன். "அதை யாருக்கும் அனுப்பலையே தம்பி" என்றேன். கட்சிக்காரனுக்கு உடனே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டானாம். இப்போதெல்லாம் அப்படித்தான், அதில் அவன் மேல் குற்றமில்லை. விஷயத்தைச் சொன்னேன். "நான் அழிச்சிருதேன் அண்ணாச்சி. ஆனா அவன் போன்ல இறங்கியிருக்கும். அதை நான் கேட்டா எதுக்குன்னு யோசிப்பான். அப்பந்தான் தேடுவான்" என்றான். சரியாகத்தான் சொன்னான். என் ஆயுசில் ஒரு எதிர்த்தரப்பு வக்கீலின் வாதம் அவ்வளவு சரியாக இருந்ததில்லை.

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். நீ கூப்பிட்ட நாட்கள் அவைதான். மாடசாமி வீட்டுக்கே வந்து எனக்காக வாதாடினான். "அவன் ஒரு குடிகாரப் பய சார். அந்தப் போன்ல பாட்டுக் கேக்கத்தான் தெரியும். கட்டத்துக்கு அடியில எழுத்து இருக்குன்னு நமக்கே தெரியல, அவனுக்கு எப்படித் தெரியும்? இதைப் போயி அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லி அதை எதுக்கு வெரட்டணும்?" எனக்கும் அந்த வாதம் தேனாக இனித்தது. கோர்ட்டில் இருக்கும் கோப்பை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. அம்மா காபி கொண்டுவந்து வைத்தவள் நின்று கேட்டாள்.

"அவனுக்குத் தெரியாதுன்னு நீங்க ரெண்டு பேரும் எதை வச்சுச் சொல்லுதீங்க?"

"ஒரு கணக்குத்தான்" என்றேன்.

"அடி வாங்கப் போறது அவ. கணக்கு மட்டும் நீங்க போடுதீங்களா?"

மாடசாமி காபியைக் குடிக்காமலேயே எழுந்து போனான். உன் அம்மா சட்டம் படித்திருந்தால் இந்த ஜில்லாவில் எனக்குப் பிழைப்பு இருந்திருக்காது என்று நான் எப்போதும் சொல்வேன். இந்தத் தடவை அதைச் சொல்லத் தோன்றவில்லை. செல்விக்குப் போன் செய்து வரச் சொன்னேன்.

மறுநாள் காலையிலேயே பேருந்தில் வந்துவிட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பிள்ளை எப்படி இருக்கு, மழை உண்டா, மக்காச்சோளம் என்ன விலை போகிறது என்று உலக சமாச்சாரமெல்லாம் கேட்டேன். அவள் நல்ல காதைத் திருப்பிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சொல்வதைவிடக் காட்டுவது நேர்மை என்று பட்டது. கணினியை அவள் பக்கம் திருப்பி, ஊர் பெயரை அடித்து, மஞ்சள் விழுவதைக் காட்டினேன். கட்டத்தை நகர்த்தியும் காட்டினேன்.

"இது அவன்கிட்ட இருக்கா சார்?"

"இருக்கு தாயி. என் தப்பு. அவசரப்பட்டு அனுப்பிட்டேன்."

"இதைக் கண்டுபிடிக்க அவனுக்குப் படிப்பு வேணுமா?"

"வேண்டாம். விரல் பட்டாப் போதும். படாமலும் போவலாம்."

"போவலாம்னு இருந்தாத் தூங்க முடியாது சார்" என்றாள். அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் கொஞ்சம் தெம்பாக எழுந்திருப்பேன். மடியில் இருந்த பையைப் பிரித்து மூடினாள். "அந்த ஸ்கூல்ல டீச்சர் பிள்ளைய ஆண்டு விழா டான்ஸ்ல சேத்திருந்தாவ. பாவாட கூடத் தச்சாச்சு" என்று பையைப் பார்த்துச் சொன்னாள்.

நம் வீட்டில் வந்து இருந்துகொள்ளச் சொன்னேன். மகள் அறை சும்மாத்தான் கிடக்கிறது, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். செல்வி முதல் தடவையாக லேசாகச் சிரித்தாள். "உங்க வீடுதான் சார் அவனுக்கு நல்லாத் தெரியும். உங்க போர்டு இருக்கிற இடத்துலருந்து தெரு முக்கு வரைக்கும் உங்க பேரு தெரியுதே." அந்தப் பலகையை அவ்வளவு பெரிதாக எழுதச் சொன்னது யார் என்பது உனக்குத் தெரியும்.

"அப்பம் எங்கன போற?"

"போறேன் சார். ஆனா உங்ககிட்டச் சொல்லல. கோவிச்சுக்கிடாதீங்க. நானே வேற வேற நம்பர்லருந்து கூப்பிடுதேன்."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது. அதுவரை இந்தச் சீமையில் ஒருத்தி எங்கே போகிறாள் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தால் அதை என் மானப் பிரச்சனையாக நினைத்திருப்பேன். அன்றைக்கு, தெரியாமல் இருக்கட்டும், ஆண்டவா தெரியாமலே இருக்கட்டும் என்று இருந்தது. நீ தூத்துக்குடியில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நான் அறிந்துவிட்டேன் என்பதை அறியாமல் நின்றிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை அப்படியே உன்னிடம் விட்டிருக்கலாம். இதை உனக்கு எழுதக் காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எழுதிவிட்டேன்.

பிறகு கோர்ட்டில் நடந்தது சுருக்கம். பழைய ஆவணங்களை எடுத்துவிட்டு வேறு வைக்க அனுமதி கேட்டு மனுப் போட்டேன். காரணத்தையும் மறைக்காமல் எழுதினேன். எதிர்த்தரப்புப் பையன் எழுந்து தனக்கு ஆட்சேபணை இல்லை என்றான், கிண்டல் எதுவும் செய்யவில்லை. நானும் உட்கார்ந்து உன் நிரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். லிப்ரெஆபீஸில் கருவிகள் பட்டியலுக்குள், நான் தினமும் சொடுக்குகிற இடத்துக்கு நாலு வரி கீழே, மறைப்பதற்கென்றே ஒரு வழி இருந்தது. கட்டம் போட்டு முடித்ததும் அது தாளைத் திரும்பப் படமாக்கிவிடுகிறது. அடியில் எழுத்து மிஞ்சுவதில்லை. எங்கள் ஜெராக்ஸேதான். அன்று மத்தியானம் நீ சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். என்னைப்போல் இதில் தட்டுத்தடுமாறுகிற சங்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன்: முதலில் மறையுங்கள், படமாக்குங்கள், அதன் பிறகு எழுத்துப் படலம் விரியுங்கள். விரித்த பின் உங்கள் பெயரைத் தேடிப் பூரித்துக்கொண்டிருக்காதீர்கள். எந்தச் சொல் கிடைத்தால் உங்கள் கட்சிக்காரருக்கு உயிர்ப் பயமோ அந்தச் சொல்லைத் தேடுங்கள்.

நீ கேட்டுக்கொண்டே இருக்கிற விஷயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்கிறாய். உண்மையைச் சொன்னால் அந்த வாரத்துக்கு அப்புறம் நான் கோட்டைத் தூக்கியபோது அது தாசில்தார் ஆபீஸ் பீரோ கனம் கனத்தது. வரத்தான் ஆசை. உன் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து மாப்பிள்ளையிடம் என் பராக்கிரமங்களைச் சொல்லி அவரை இரண்டே வாரத்தில் சன்னியாசம் வாங்க வைக்கலாம். ஆனால் செல்வி கேஸ் முடிகிற வரைக்கும் கூப்பிடாதே. அவள் முகவரி என்று கோர்ட்டில் இருப்பது என் ஆபீஸ் மட்டும்தான். நான் இழுத்து மூடினால் அவளுக்கு இருக்கிற ஒரே விலாசமும் போய்விடும்.

இந்த வாய்தாவுக்கு அவள் வந்தாள். எந்தப் பக்கத்துப் பேருந்தில் வந்து இறங்கினாள் என்று பார்க்காமல் இருக்க, நான் ஆபீஸ் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். பிள்ளை புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததற்கான சீட்டை வைக்க வேண்டுமே என்று மாடசாமி தயங்கித் தயங்கிக் கேட்டான். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேஜை மேல் வைத்தாள். சீட்டின் ஜெராக்ஸ். ஊர் பெயரும் பள்ளியின் பெயரும் வந்த இடமெல்லாம் பிளேடால் சீராக வெட்டி எடுத்திருந்தாள். முத்திரையில் ஊர் இருந்த வளைவைக்கூட விட்டுவைக்கவில்லை. ஓட்டைகள் வழியாக என் மேஜைக் கண்ணாடி தெரிந்தது.

"அசல் என்கிட்ட இருக்கு சார். ஜட்ஜம்மா கேட்டா அவியகிட்ட மட்டும் காட்டுதேன். இதை ஸ்கேன் பண்ணிக்கிடுங்க" என்றாள்.

மாடசாமி வாங்கி ஸ்கேனரில் வைத்தான். ஓட்டை விழுந்த தாள் கசங்கிவிடக் கூடாதென்று மூடியை மெல்ல இறக்கினான். எழுத்துப் படலம் விரித்து, புக்மார்க் வைத்து, எல்லாம் முடிந்ததும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று தேடல் பெட்டியைத் திறந்தேன். செல்வி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஊரை அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பெட்டியை அப்படியே காலியாக மூடினேன்.

என்னைப் பற்றி அம்மாவிடம் போனில் விசாரிக்காதே. இனி நானே எடுக்கிறேன்.

உன் அப்பா